பௌர்ணமிக்கு ஒரு வயது

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், விசயபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். கல்யாணமான ஐந்தாம் வருஷம் ராணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு ராஜா சாப்பிட்டார், தூங்கினார், ஓலைகளில் முத்திரை வைத்தார். சிரிப்பது மட்டும் இல்லை.

ஆறுதல் சொல்ல வந்த பாதிரியார் ஒருவர் வேதாகமத்தைத் திறந்து, ஆதிகால வம்சவரலாற்றை வாசித்தார். ஆதாம் தொள்ளாயிரத்து முப்பது வருஷம். மெத்தூசலா தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது.

ராஜா நிமிர்ந்தார். "நிஜமாகவா?"

"எழுதியிருப்பதை வாசித்தேன், மகாராஜா."

"என் ராணிக்கு இருபத்துநாலுதான் கிடைத்தது. இந்த மெத்தூசலாவுக்கு மட்டும் இத்தனையா? உண்மையா பொய்யா, எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

சபையில் மந்திரி வல்லபராயர் எழுந்தார். அரண்மனை விகடன் பிச்சாண்டிமேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

"பிச்சாண்டி சொல்லட்டும், பிரபு. பொய் என்றால் விருந்தாளியின் வேதத்தைப் பழித்த குற்றம். உண்மை என்றால் அதே ஆயுளைத் தங்களுக்கும் வாங்கித் தரட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜா தலையசைத்தார். எல்லைக்கு அப்பால் வெறும் காடு. பிச்சாண்டியின் மனைவியோ நிறைமாதம்.

பிச்சாண்டி முன்னால் வந்து கும்பிட்டான்.

"உண்மையாகவே இருக்கட்டும், மகாராஜா. ஆயுளும் தயார். காலத்தை எண்ணும் உரிமை ராஜாவுடையது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை ஒரு வருஷம் என்று ஆணையிடுங்கள். பழையவர்களும் இப்படித்தான் எண்ணினார்களோ என்னவோ! தங்களுக்கு இந்த நிமிஷமே வயது நானூறை நெருங்குகிறது. பழைய கணக்கில் எண்பது ஆவதற்குள் மெத்தூசலாவைத் தாண்டிவிடுவீர்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பிச்சாண்டி மந்திரியின் பக்கம் திரும்பினான். "மந்திரியாருக்கு இப்போது அறுநூற்று எண்பது. அறுபது தாண்டியவர் பதவியில் இருக்கக் கூடாது என்று கிழத் தளபதியைத் துரத்தச் சட்டம் போட்டவரும் அவர்தான். ஐயா, முத்திரை மோதிரத்தைக் கழற்றுங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் தேடுவார்கள்."

மந்திரிக்கு முகம் சிவந்தது. "என்ன கூத்து இது? எந்த மடையன் இதை நம்புவான்? அத்தனை வயது எந்த மனிதனுக்கும் கிடையாது!"

"பாதிரியாரே, கேட்டீர்களா? பொய் என்று சொன்னது நான் இல்லை."

பாதிரியார் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "எனக்குக் கோபமில்லை. ஆனால் தம்பி, உன் கணக்கும் உதைக்கிறது. மெத்தூசலா பிறந்தபோது அவன் அப்பாவுக்கு அறுபத்தைந்து வயது. அத்தனை பௌர்ணமி என்றால் ஐந்து வயதுதான்!"

"ஐயோ பாவம்! அப்புறம் தொட்டிலில் யார் படுத்தார்கள், சாமி? அப்பாவா, பிள்ளையா?"

சபை குலுங்கியது. மந்திரி மோதிர விரலை மடக்கிக்கொண்டு நின்றார். ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

"அது கிடக்கட்டும். அந்தக் காலத்தில் நிஜமாகவே அப்படி வாழ்ந்தார்களா, பிச்சாண்டி?"

"தெரியாது, மகாராஜா. பார்த்துச் சொல்ல நான் அங்கே இல்லை."

"சரி. உன் கணக்கில் என் ராணிக்கு எவ்வளவு?"

"முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு."

"நானும் அவளும் சேர்ந்து இருந்தது?"

பிச்சாண்டி சற்றுத் தயங்கினான். "அறுபது வருஷம், மகாராஜா."

ராஜா அந்த எண்ணைத் தமக்குள் சொல்லிப் பார்த்தார்.

"அறுபது வருஷக் குடித்தனம்!" என்றார் கடைசியில். "ஒரே ஒரு ஆட்டம், தாயத்தில் என்னை ஜெயிக்க விட்டாளா பார்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார்.

"மந்திரியாரே, பயப்படாதீர். நாட்டுக்குப் பழைய கணக்கே இருக்கட்டும். உமக்கும் ஐம்பத்தைந்தே இருக்கட்டும். அந்த அறுபதை மட்டும் நான் திருப்பித் தரமாட்டேன்."