தோசைக்கல்லின் நிறம்

“வீட்டுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல டீச்சர்” என்றார் குருசாமி.

ரெஜினா டீச்சர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பெயர்தான் குருசாமி. இந்தக் கதையில் அவர்தான் சீடர். டவுன் பஸ் கண்டக்டர், ஐம்பதை நெருங்குகிறவர். டீச்சருக்கு அவரைவிட வயது நன்றாகவே குறைவு. திண்டுக்கல்லில் ஒரு மெஸ்ஸின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் புகைப்பட வகுப்பு நடத்துகிறார். எதையும் விளக்கிச் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதனாலேயே பல பேர் சேர்ந்த வேகத்தில் நின்றுவிடுவார்கள்.

குருசாமி நிற்கவில்லை. படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே போகச் சொல்லியே பழகியவர், பொறுமைக்குப் பஞ்சமில்லை.

“மத்தவங்க கொடைக்கானல் போய் மூடுபனியை எடுத்துட்டு வர்றாங்க. சிறுமலையில குருவி எடுக்கறாங்க. எங்க வீட்டுல இருக்கறது ஒரு பீரோ, ஒரு டிவி, பிளாஸ்டிக் சேரு. இதுல எதை எடுக்கறது?”

“வீட்டுல யாரும் இல்லையாண்ணே?”

குருசாமி கொஞ்சம் தயங்கினார்.

“அவளுக்காகத்தான் டீச்சர் இங்க சேர்ந்ததே. கல்யாணத்துக்கு அப்புறம் தெய்வானைக்குன்னு ஒரு படம் கிடையாது. ஒரே ஒரு நல்ல படம் எடுத்துறணும்னு ஆசை. ஆனா கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குள்ள போயிர்றா.”

டீச்சர் லென்ஸை மூடி வைத்தார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“தோசை.”

“எதுல சுட்டாங்க?”

இது என்ன கேள்வி என்று இருந்தது குருசாமிக்கு. “தோசைக்கல்லுலதான்.”

“அதைப் படம் எடுங்க.”

வகுப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.


அடுத்த வாரம் குருசாமி படத்தைக் காட்டினார்.

தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஹாலுக்குக் கொண்டுபோயிருந்தார். பிளாஸ்டிக் சேரில் பட்டுத் துண்டை விரித்து, அதன்மேல் சாத்தி நிறுத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூ. டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, அது போதாதென்று ஃப்ளாஷும் அடித்திருந்தார்.

டீச்சர் படத்தைப் பார்த்தார்.

“இதுக்கு என்ன, இன்னைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா?”

குருசாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“பின்னாடி சுவத்துல யாரு?”

தோசைக்கல்லுக்குப் பின்னால் ஒரு சட்டம் போட்ட படம் தெரிந்தது. மாலையும் கழுத்துமாக இரண்டு பேர்.

“நானும் அவளும். கல்யாணப் படம். ஆனா அது அவ மாதிரியே இருக்காது டீச்சர். ஸ்டூடியோக்காரன் மூஞ்சியில வெள்ளையடிச்சு வச்சிருப்பான்.”

டீச்சர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்லு எப்பவும் எங்க இருக்கும்?”

“அடுப்புல.”

“அங்கேயே எடுங்க.”


அடுப்பில் வைத்து எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. இருட்டுக்குள் ஒரு இருட்டு, அவ்வளவுதான்.

குருசாமி விடுகிற ஆள் இல்லை. கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கடைசியில் கல் பளிச்சென்று தெரிந்தது. திருப்தியோடு வகுப்புக்குக் கொண்டுபோனார்.

“இது யாரு வீட்டுக் கல்லுண்ணே?”

“எங்க வீட்டுதுதான் டீச்சர்.”

“உங்க வீட்டுக் கல்லு இந்த நிறமா?”

குருசாமி உற்றுப் பார்த்தார். படத்தில் இருந்தது சாம்பல் பூத்த ஒரு வட்டம். அலுமினியத் தட்டு என்று சொன்னாலும் நம்புவார்கள்.

“இல்ல. அது நல்ல கறுப்பு.”

“பின்ன?”

“கறுப்பா இருந்தா ஒண்ணுமே தெரியலையே. அதான் வெளிச்சத்தைக் கூட்டினேன்.”

டீச்சர் எழுந்து டியூப் லைட்டை அணைத்தார். ஒரே ஒரு ஜன்னலைத் திறந்தார். கதவோரம் குருசாமி சாத்தி வைத்திருந்த கறுப்புக் குடையை எடுத்து விரித்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்.

“என்ன தெரியுது?”

“கறுப்புதான் தெரியுது.”

குடையை மெதுவாகத் திருப்பினார். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழுந்தது. கம்பிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. துணியின் நெசவு தெரிந்தது. ஓரத்தில் ஒரு கிழிசலும், அதை மூடிய நெருக்கமான தையலும் தெரிந்தன.

தெய்வானை போட்ட தையல். தினம் கையில் பிடிக்கிற குடை. அந்தத் தையலை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

“வெளிச்சத்தைக் கூட்டினேனா?”

“இல்ல டீச்சர்.”

“என்ன பண்ணினேன்?”

“திருப்பினீங்க.”

டீச்சர் குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தார். வகுப்பு முடிந்தது.


மறுநாள் காலை கேமராவும் கையுமாக அடுப்படிக்குப் போனால், தோசைக்கல் இல்லை.

இலையில் உப்புமா இருந்தது. அதற்கு மறுநாளும் உப்புமா. அதற்கடுத்த நாள் பொங்கல். உப்புமாவைக் கண்டால் நான்கு வீடு தள்ளி நிற்கிற மனுஷன் குருசாமி.

“கல்லு எங்க தெய்வானை?”

“பரண்ல.”

“ஏன்?”

“இனிமே இந்த வீட்டுல தோசை கிடையாது.”

தெய்வானை சாதாரணமாகத்தான் சொன்னாள். கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னாள். அந்த உருவலில் இருந்த வேகத்தைப் பார்த்துத்தான் குருசாமிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

“என்ன ஆச்சு?”

“ஏங்க, இந்த வீட்டுல வேற சாமானே இல்லையா? இட்லிக் கொப்பரை இருக்கு, அண்டா இருக்கு. அதைத்தான் எடுக்கணுமா?”

“டீச்சர் சொன்னாங்க.”

“பள்ளிக்கூடத்துல என் பேரு என்ன தெரியுமா?”

“தெய்வானைதான்.”

“வாத்தியார் கூப்பிட்டா தெய்வானை. மத்தவங்க கூப்பிட்டா தோசைக்கல்லு.”

குருசாமி கேமராவைக் கீழே வைத்தார்.

“அதை நீங்க நட்டமா நிறுத்தி, படுக்க வச்சு, வெள்ளையாக்கிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. கல்யாணத்தன்னைக்கு அந்த ஸ்டூடியோக்காரனும் இதைத்தான் பண்ணான். படத்தைப் பாத்துட்டு எங்க அம்மாவே, யாருடி இதுன்னு கேட்டா. அது இத்தனை வருஷமா ஹால்ல தொங்குது. நானும் தினம் அதுக்குக் கீழதான் கூட்டறேன்.”

தெய்வானை அழவில்லை. கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது, வெறும் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

குருசாமிக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இது தெரியவில்லையே என்று வெட்கம். தெரியாமலே அவரும் போய் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றைக்கு பஸ்ஸில் அவர் குரல் எழும்பவே இல்லை.


ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் கேமராவை டீச்சரின் மேஜைமேல் வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

“நான் நிறுத்திக்கறேன் டீச்சர். இது எனக்கு வேண்டாம்.”

டீச்சர் முழுவதும் கேட்டார். பிறகு கேமராவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“சரி.”

இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று குருசாமி எதிர்பார்க்கவில்லை. மனிதர் கொஞ்சம் ஆடித்தான் போனார்.

“அவ்வளவுதானா?”

“கல்லு இன்னும் பரண்லதான் இருக்கா?”

“ஆமா.”

“இறக்குங்க. தோசை சாப்பிடுங்க.”

“அப்புறம்?”

“அவங்க சுடறப்ப பக்கத்துல உக்காந்திருங்க.”

“கேமரா இல்லாம அங்க உக்காந்து என்ன பண்றது டீச்சர்?”

“வெங்காயம் உரிங்க” என்றார் டீச்சர்.


குருசாமி ஸ்டூல் போட்டு ஏறிக் கல்லை இறக்கினார். லேசாகத் துரு பிடித்திருந்தது.

“எனக்குத் தெரியாது தெய்வானை.”

“உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்காகக் கோவம் வராம இருக்குமா?”

அவள் கல்லை வாங்கித் தேய்த்துக் கழுவினாள். அடுப்பில் காயவைத்து, எண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தித் தேய்த்தாள். முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். குருசாமி இரண்டையும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்.

சாயங்கால டூட்டி என்பதால் காலைகளில் அவர் வீட்டில்தான் இருப்பார். தினமும் அடுப்படியில் மணையைப் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார்.

“என்ன புதுப் பழக்கம்?” என்றாள் தெய்வானை.

“டீச்சர் சொன்னாங்க.”

“அந்த டீச்சர் இதைக் கல்யாணத்தப்பவே சொல்லியிருக்கலாம்.”

தரையிலிருந்து பார்க்கும்போது அடுப்படி வேறு மாதிரி இருந்தது. அடுப்புக்கு இடது பக்கம் ஒரு ஜன்னல். அங்கே ஒரு ஜன்னல் இருப்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அதன் வழியாக வெயில் வருவதும், அது முதலில் எண்ணெய்த் தூக்கைத் தொட்டு, பிறகு கல்லுக்கு வருவதும் புதிதாகத் தெரிந்தது.

கல் பழகிவிட்டிருந்தது. அவள் தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக ஓடியது. கறுப்பின்மேல் எண்ணெய் மினுங்கியது. நடுவில் கொஞ்சம் குழிந்து, விளிம்பில் பழைய அடி ஒன்று பட்டு, நல்ல கறுப்பாக இருந்தது அது. அதற்கு மேலே எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாவை வட்டமாக இழுக்கும்போது தெய்வானை சற்றே குனிவாள். அப்போது வெயில் அவள் கன்னத்துக்கு வரும். மூக்குத்திக்கு வரும். முழங்கைவரை வழிந்து நிற்கும்.

குருசாமியின் கை தானாகக் கேமராவைத் தேடியது. கையில் வெங்காயம்தான் இருந்தது.


“கேமராவைக் குடுங்க டீச்சர்” என்றார் ஞாயிற்றுக்கிழமை.

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை குருசாமி அதே மணையில் உட்கார்ந்தார். வெங்காயம் உரித்து முடித்ததும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டார்.

“எடுக்கட்டுமா?”

“கல்லைத்தானே? எடுத்துக்கங்க. இப்ப எனக்குக் கோவம் இல்ல.”

“உன்னைய.”

தெய்வானை திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் மடியிலிருந்த வெங்காயத் தோலைப் பார்த்தாள்.

“இருங்க, மூஞ்சி கழுவிப் பவுடர் போட்டுட்டு வர்றேன்.”

“வேண்டாம்.”

“லைட்டையாவது போடுங்க.”

“வேண்டாம் தெய்வானை.”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, ஆதார் கார்டுக்கு நிற்பதைப் போல நின்றாள்.

குருசாமி கேமராவைத் தூக்கவில்லை.

“தோசை கருகுது” என்றார்.

அவள் பதறித் திரும்பி, குனிந்து, தோசையைப் புரட்டினாள். கருகவில்லை. பொன் முறுவலாக இருந்தது. ஏமாற்றிவிட்டாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போது எடுத்தார்.

எழுந்து போய்க் காட்டினார்.

தெய்வானை கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கறுத்த முகம். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். நெற்றியில் வேர்வை, கலைந்த முடி, அடக்கிய சிரிப்பு. எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை.

வெகுநேரம் பார்த்தாள். இப்போது நிஜமாகவே தோசை கருகியது. இரண்டு பேருமே அடுப்பை அணைக்கவில்லை.

“நல்லா இருக்கா?” என்றார் குருசாமி.

“நானா இருக்கேன்” என்றாள் தெய்வானை.

பிறகு, “பெருசு பண்ணிக் குடுப்பாங்களா?” என்று கேட்டாள்.


ஞாயிற்றுக்கிழமை குருசாமி பெரிதாகப் போட்ட படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்.

டீச்சர் பிரித்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். மற்றவர்களும் சுற்றி வந்து நின்றார்கள். கொடைக்கானல் போகிறவர்களில் ஒருவர், “எங்க போய் எடுத்தீங்கண்ணே?” என்று கேட்டார்.

“அடுப்படிக்கு” என்றார் குருசாமி.

“தோசைக்கல்லு எங்கண்ணே?” என்றார் டீச்சர்.

“கீழ ஓரத்துல டீச்சர். பாதிதான் வந்துருக்கு.”

டீச்சர் அந்தப் பாதிக் கல்லைப் பார்த்தார். அது கறுப்பாக இருந்தது.

வகுப்பின் சுவரில் ஒரு ஆணி உண்டு. டீச்சருக்குப் பிடித்த படம் மட்டும்தான் அதில் ஏறும். குருசாமி சேர்ந்த நாளிலிருந்து அது வெறுமனே இருந்தது. ஒவ்வொரு வாரமும் உள்ளே வந்ததும் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

டீச்சர் படத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரை நோக்கி நடந்தார்.

குருசாமி குறுக்கே போய்ப் படத்தை வாங்கிக்கொண்டார். பழையபடி செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார்.

“இங்க வேண்டாம் டீச்சர். கல்யாணப் படத்தைக் கழட்டிக் கீழ வச்சுட்டு, அவ அங்க ஆணியைப் பாத்துக்கிட்டு நிக்கறா.”