மேகச் சங்கத்து விருந்து

மேகம் தலைவைத்துத் தூங்கும் மலை அது. அங்கே மேகங்களை ஆராயும் அறிஞர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் கூலி வாங்காமல் கட்டுரை எழுதுவார்கள், கூலி வாங்காமல் பிறர் கட்டுரையைச் சரிபார்ப்பார்கள். சங்கம் அதை இதழாக அச்சிட்டு அவர்களுக்கே விற்கும்.

புதிதாகச் சேர்ந்த செண்பகவடிவு, தலைவர் ரங்கபாஷ்யத்திடம் கேட்டாள்: "என் கட்டுரையைப் படிக்க நானே ஏன் சார் காசு கொடுக்கணும்?"

"சங்கம் நடக்கணுமேம்மா. மாணவர்களுக்கு உதவித்தொகை வேற கொடுக்கிறோம். எங்கே, ஆண்டுவிழா விருந்தை நீ செலவில்லாம நடத்திக் காட்டு. முடியலைன்னா சங்கத்தை விட்டுப் போயிடு."

"சரிங்க சார்" என்றாள்.

விழாவன்று உறுப்பினர்களை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொன்னாள். உப்பு, காரம் பார்க்கவும் அவர்களையே உட்காரவைத்தாள். கனவுக்குள் சமைத்த மாதிரி கூடம் மணந்தது. பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உள்ளே வர ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்."

தலைவர் பதறினார். "நான் கொண்டுவந்த புளியோதரைக்கு நானே காசு கொடுக்கணுமா?"

"சங்கம் நடக்கணுமே சார்."

சாவித்துவாரம் வழியாக மேகம் மட்டும் காசு கொடுக்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.