இறங்குறவங்க இறங்கட்டும்

பூவாணிக்குளத்தில் மூளை இல்லாதவர்கள் என்று யாரும் கிடையாது. எல்லாருக்கும் இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று புதுச்செருப்பு மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஊர் ஆவுடை, சொரிமுத்து, தங்கப்பழம் மூன்று பேருக்கும் டவுனில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை கிடைத்தது. தங்கப்பழத்துக்கு அடுத்த மாதம் கல்யாணம் வேறு. ‘மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை’ என்று பொண்ணு வீட்டில் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வேலை போனால் பொண்ணும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை சீசன் டிக்கெட் வாங்கப் போன இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

“முட்டி மோதி ஏறாதீங்கப்பா. இறங்குறவங்க இறங்கினப்புறம் ஏறுங்க.”

திங்கட்கிழமை காலை ரயில் வந்தது. அந்த நேரத்தில் பூவாணிக்குளத்தில் இறங்க யாருக்கு என்ன கிறுக்கா? மூன்று பேரும் வாசலை விட்டு ஒதுங்கி, மரியாதையாக நின்றார்கள்.

“யாரும் இறங்கலியே வே,” என்றான் தங்கப்பழம்.

“பொறுலே. இறங்குறதுக்கு ஆள் இருந்தா இறங்காமலா இருப்பாவ?” என்றான் ஆவுடை.

ரயில் போய்விட்டது. பஸ் பிடித்து அவர்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. சூப்பர்வைசர் தாவீதுக்கு முகம் சிவந்துவிட்டது.

“சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஒரு நாள் ஒம்பது மணி தாண்டினாலும் மூணு பேரும் வீட்டுக்குப் போயிரலாம்!”

“ரொம்ப நன்றி சார்,” என்று சொரிமுத்து அப்போதே கிளம்பினான். தங்கப்பழம்தான் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அன்று சாயங்காலம் ஆவுடை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். முந்தின ஸ்டேஷன் கருவேலங்குறிச்சி. அங்கே தினமும் ஒரு டீச்சர் இறங்குவார். சொரிமுத்து சைக்கிளில் அங்கே போய் ஏறிவந்து, பூவாணிக்குளத்தில் இறங்கவேண்டியது. அவன் இறங்கினதும் மற்ற இரண்டு பேரும் ஏறவேண்டியது.

செவ்வாய்க்கிழமை எல்லாம் அப்படியே நடந்தது. ஏறின பிறகுதான் பார்த்தார்கள், சொரிமுத்து பிளாட்பாரத்தில் நிற்கிறான்.

“எனக்கு யாரு இறங்குவா?” என்று அவன் அழுதான்.

ஆவுடைக்கு மனசு கேட்கவில்லை. அவன் இறங்கினான், சொரிமுத்து ஏறினான். இப்போது ஆவுடை வெளியே. சொரிமுத்து இறங்கினான், ஆவுடை ஏறினான். கிராசிங்குக்காக ரயில் பத்து நிமிஷம் நின்றது. பத்து நிமிஷமும் இதே வேலைதான். தங்கப்பழம் மட்டும் பொண்ணை நினைத்துக்கொண்டு கம்பியை விடவே இல்லை. கடைசியில் கார்டு வந்து வெளியே நின்றவனைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மூன்று பேருமே கருவேலங்குறிச்சிக்குச் சைக்கிள் மிதித்தார்கள். டீச்சர் இறங்கினார், இவர்கள் ஏறினார்கள், நிம்மதி.

வியாழக்கிழமை டீச்சர் லீவு.

தங்கப்பழத்துக்கு உயிரே போய்விட்டது. வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நின்ற ஒரு கண்ணாடிக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டான். “அண்ணாச்சி, கொஞ்சம் இறங்குங்க. என் கல்யாணமே உங்க கையிலதான் இருக்கு!”

என்னவோ ஏதோ என்று அவர் பதறி இறங்கினார். இவர்கள் ஏறினார்கள். ரயில் கிளம்பியது. அவர் ஒற்றைச் செருப்போடு ரொம்ப தூரம் ஓடிவந்து பார்த்தார், பாவம்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்துவிட்டார். இவர்கள் ஓடிப்போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார்கள்.

சனிக்கிழமையும் ரயிலுக்குக் குறை இல்லை. எட்டே முக்காலுக்கே கம்பெனியின் பெரிய தகரக் கேட் முன்னால் வந்தாயிற்று. மற்ற நாளில் நைட் ஷிப்ட் ஆட்கள் வெளியே வருவார்கள், இவர்கள் உள்ளே போவார்கள். வெள்ளி ராத்திரி ஷிப்ட் கிடையாது. கேட் திறந்துதான் கிடந்தது. ஆனால் வெளியே வர ஒரு ஈ காக்கை இல்லை.

“கேட்டுக்கு அந்தச் சட்டம் உண்டுமா வே?” என்று தங்கப்பழம் நடுங்கினான்.

“ரயிலு அவ்வளவு பெருசு, அதுக்கே உண்டு. கேட்டுக்கு இல்லாம இருக்குமா?” என்றான் ஆவுடை.

மணி எட்டு ஐம்பத்தொன்பது. தங்கப்பழத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளேயிருந்து பார்த்த தாவீதுக்குப் பொறுக்கவில்லை. “வெளியே என்னலே வேடிக்கை?” என்று கத்திக்கொண்டே கேட்டைத் தாண்டி வந்தார்.

அவ்வளவுதான்! மூன்று பேரும் பாய்ந்து உள்ளே போனார்கள். ‘உள்ளே வந்ததும் கேட்டைத் தாழிடவும்’ என்று போர்டு தொங்கியது. தாழிட்டார்கள். மணி ஒன்பது அடித்தது. வேலை தப்பித்தது, பொண்ணு தப்பித்தது. தங்கப்பழம் சந்தோஷத்தில் சொரிமுத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

வெளியே தாவீது கேட்டை டமடமவென்று தட்டினார். “திறங்கலே! நான் உள்ள வரணும்!”

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். யாராவது வெளியே போனால்தான் அவர் உள்ளே வரலாம். போகிறவனுக்கு ஒன்பது மணி தாண்டிவிடும். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தங்கப்பழம் கேட் இடுக்கில் வாயை வைத்து ஆறுதலாகச் சொன்னான்:

“கவலைப்படாதீங்க சார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாங்க மூணு பேரும் வெளிய வருவோம். அப்போ நீங்க தாராளமா உள்ள போகலாம்!”