வெள்ளை யானைக் கடனும் பட்டினத்தார் கை மாற்றும்

ஆலங்குறிச்சி ராஜா பரராசபூபதியிடம் ஏற்கெனவே இரண்டு யானைகள் இருந்தன. மூன்றாவது எதற்கு என்று கேட்காதீர்கள். அவரே கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளை யானை என்றார்கள், வாங்கிவிட்டார். முதல் மழையில் சுண்ணாம்பு கரைந்து யானை கறுப்பாகிவிட்டது. கடன் மட்டும் கரையவில்லை.

பத்தாயிரம் பொன். கொடுத்தவன் உள்ளூர் வட்டிக்காரன் வயிரவன். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. ராஜா வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தார், அதுவும் ஞாபகம் வந்தால். பொறுத்துப் பார்த்த வயிரவன், "தை பிறப்பதற்குள் முழுப்பணமும் வராவிட்டால், ஈடாக வைத்த பெரிய ஏரி எனக்கு" என்று சொல்லியனுப்பினான்.

ஏரி போனால் ஊரில் பாதி வயல் போச்சு. அரண்மனை விகடன் சூரப்பனின் அரைக்காணியும் அந்தப் பாதியில்தான் இருந்தது. அரண்மனைச் சம்பளத்தை நம்பி அவன் வீட்டில் உலை வைப்பதில்லை. சோறு வெந்ததெல்லாம் அந்த அரைக்காணியால்.

ராஜா சபையைக் கூட்டினார். யானையை விற்றுவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவு பேரும் புத்திசாலிகள், தலை மேல் பிரியம் உள்ளவர்கள்.

"சூரப்பா, இந்தக் கடனை வட்டியில்லாமல் ஏற்றுக்கொள்கிற ஆளைப் பிடி. கூலி, தரகு என்று ஒரு காசு தரமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் ஆள் வரவில்லையென்றால் வட்டியை உன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன்."

"தாராளமாக, மகாராஜா. முதலில் சம்பளம் வரட்டும், பிறகு பிடியுங்கள்."

மந்திரி அனந்தப்பர் தொண்டையைச் செருமினார். "இவன் எதற்கு? ஆளை நான் கூட்டியே வந்துவிட்டேன்." ஆள் பிடித்துக் கொடுத்தால் நூற்றுக்கு அரை தரகு மந்திரிக்கு. அதை அவர் சபையில் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும்?

பட்டினத்திலிருந்து வந்திருந்த சொர்ணகாந்தர் உள்ளே நுழைந்தார். காதில் வைரக் கடுக்கன், வாயில் சர்க்கரை.

"மகாராஜா, வயிரவன் கடனை நானே அடைத்துவிடுகிறேன். நீங்கள் எனக்குத் தந்தால் போதும். ஈடு வேண்டாம். ஆறு மாதம் வட்டி கிடையாது."

ராஜா காதில் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் விழுந்தன. அப்படியே பூரித்துப்போனார்.

சூரப்பன் பூரிக்கவில்லை. "ஏழாவது மாதம்?" என்று கேட்டான்.

"ஐந்து வட்டி," என்றார் சொர்ணகாந்தர், கொஞ்சம் மெதுவாக.

"வயிரவனே மூணுதானே வாங்குகிறான். சரி, ஒரு தவணை ஒரே ஒரு நாள் தள்ளிப்போனால்?"

"அப்போது முதல் நாளிலிருந்தே ஐந்து." இது இன்னும் மெதுவாக வந்தது.

"நடுவில் மகாராஜாவுக்கு நாலாவது யானை மேல் ஆசை வந்தால்?"

"அதற்கும் பணம் தருவேன். அதற்கு மட்டும் அன்றைக்கே வட்டி ஓடும். அப்புறம், கடன் அவன் கையிலிருந்து என் கைக்கு மாறுகிறதே, அதற்கு நூற்றுக்கு நாலு கூலி."

சூரப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். கூலி நானூறு பொன். வயிரவனிடம் ஆறு மாத வட்டி ஆயிரத்து எண்ணூறு. கெடுவுக்குள் அடைப்பவனுக்கு இது லாபம்தான். ஆனால் அடைக்கப் போவது பரராசபூபதி. தன் பிறந்த நாளையே நாள் தப்பிக் கொண்டாடுகிற மனிதர்.

ராஜாவே தலையைச் சொறிந்தார். "மறுபடியும் கடனா?" என்று இழுத்தார்.

சொர்ணகாந்தர் சிரித்தார். "கடன் என்று யார் சொன்னது, மகாராஜா? அந்த வார்த்தையே வேண்டாம். இது வெறும் கை மாற்று."

சூரப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன சொன்னீர்கள், ஐயா?"

"கை மாற்று."

"பின்வரிசைக்குக் கேட்கவில்லை."

"கை மாற்று," என்று சபை அதிரச் சொன்னார் பட்டினத்தார்.

"ஆகா. இதை ஊரறியத் தண்டோரா போட்டால் உங்கள் வியாபாரத்துக்கும் நல்லதுதானே?"

காசு செலவில்லாத விளம்பரம் கசக்குமா? 'நம் ராஜாவுக்குச் சொர்ணகாந்தர் பத்தாயிரம் பொன் கைமாற்று' என்று தெருத்தெருவாகப் பறை முழங்கியது. பின்னாலேயே பட்டினத்தார் பல்லக்கில் போய்க் கும்பிடு வாங்கிக்கொண்டார். மந்திரியும் கூடவே போனார். அன்று மாலையே வயிரவன் கைக்குப் பணம் போனது, ஏரி ஈட்டிலிருந்து மீண்டது.

மறுநாள் காலை சொர்ணகாந்தர் சபைக்கு வந்து கையை நீட்டினார். "நானூறு பொன் கூலி."

"எதற்கு?" என்றான் சூரப்பன்.

"கை மாற்றியதற்கு."

"என்னய்யா அநியாயம் இது. பக்கத்து வீட்டில் நாழி அரிசி கைமாற்று வாங்கினால் கூலியா கேட்பார்கள்? உங்கள் பட்டினத்தில் எப்படியோ, எங்கள் ஊரில் கைமாற்றுக்குக் கூலி கிடையாது, வட்டி கிடையாது, கெடுவும் கிடையாது. கையில் காசு புரளும்போது திருப்பித் தருவோம்."

"நான் சொன்னது வேறு. கை, அப்புறம் மாற்று. நடுவில் இடைவெளி விட்டுத்தான் சொன்னேன்."

"தண்டோராக்காரன் விடவில்லையே. பல்லக்கில் பின்னாலேயே போனீர்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சொர்ணகாந்தர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி உத்தரத்தில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் என் முதல்?"

"முதலைத் தருவோம். பயப்படாதீர்கள், ஏரியில் கிடக்கிற முதலையை அல்ல. கூலி கூலி என்றீர்களே, கூலியே வரும். நாளையிலிருந்து அந்த மூன்றாவது யானை மரம் இழுக்கப் போகிறது. அதன் கூலி மாதாமாதம் உங்களுக்கு, முதல் தீரும் வரை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூரப்பா, உனக்கு நூறு பொன் பரிசு" என்று அறிவித்தார். இடுப்பைத் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பொக்கிஷக்காரனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான், பக்கவாட்டில்.

ராஜா சூரப்பன் காதருகே குனிந்தார். "உன்னிடம் நூறு பொன் இருந்தால் கைமாற்றாகக் கொடேன். இப்போதே உனக்குப் பரிசாகத் தந்துவிடுகிறேன்."

சூரப்பன் பயபக்தியோடு கும்பிட்டான்.

"எதற்குச் சிரமம், மகாராஜா? என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்."