குணமான ஒரே ஆள்

ஃபிசியோதெரபி லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனேன். அதிகாரி கோதண்டபாணி, குமாஸ்தாக்களைச் சோம்பேறிகள் என்று திட்டி முடித்துவிட்டு, என்னைப் பார்த்ததே இல்லை என்பதுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சர்டிபிகேட் யார் வேணா காட்டுவாங்க தம்பி. உன்கிட்ட வந்து குணமான ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வா, பார்ப்போம்."

குணமானவர்கள் என் பக்கமே வருவதில்லை. வருஷக்கணக்காக வருகிறவர்களைக் கூட்டிப் போனால், இருக்கிற லைசென்ஸும் போய்விடும்.

"ஆள் இங்கேயே இருக்கார் சார். போன வருஷம் கழுத்து வலின்னு நீங்க ரெண்டு நாள் வந்தீங்க. அப்புறம் வரவே இல்ல. குணமாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். இல்ல, வீட்ல செய்யச் சொன்ன பயிற்சியைச் சோம்பல்பட்டு விட்டுட்டீங்களா?"

குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"தினமும் செஞ்சேன்யா! சுத்தமா குணமாயிடுச்சு!" என்றார் அவசரமாக.

"அப்போ நீங்கதான் சார் சாட்சி."

வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு பக்கத்து மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுக்க, கழுத்தைத் திருப்ப முடியாமல் நாற்காலியோடு மொத்தமாகத் திரும்பினார்.

ஸ்டாம்ப் விழுகிற சத்தம் கேட்கும்வரை நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.