நண்டு நடக்க எந்த ப்ராசஸர்?

"சாமி, அஞ்சா ஏழா?"

மலையேறி வந்த ஆவுடையப்பன் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கேட்டார்.

கொய்யா தின்றுகொண்டிருந்த குரு விதையைத் துப்பினார்.

"பிள்ளைங்களா அண்ணாச்சி?"

"இல்ல சாமி, லேப்டாப். ஐ-ஃபைவ் ப்ராசஸரா, ஐ-செவன் ப்ராசஸரா? ரெண்டும் ஒரே லேப்டாப்தான். ஒரே நிறம். உள்ள இருக்கிற மூளைதான் வேற. ஏழுக்குக் கூடக் காசு கேக்கான்."

"உட்காருங்க" என்றார் குரு.

குருவுக்கு மீசை அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பனுக்கு மீசையில் நரை வந்தாயிற்று. அதையெல்லாம் அந்த மலையில் யாரும் பார்ப்பதில்லை.

இவர் குருவான கதை மலைக்கே தெரியும். பழைய குரு குளிக்கப் போயிருந்த நேரம், கதவுக்குப் பின்னால் நின்று, பழைய குருவின் குரலிலேயே இவர் உபதேசம் செய்தார். சும்மா விளையாட்டுக்குத்தான். சீடர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். ஈரத் துண்டோடு திரும்பி வந்த பழைய குருவும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைகூப்பிக் கேட்டார்.

"நான் இவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, மறுநாளே காசிக்கு ரயிலேறிவிட்டார்.

"எதுக்கு லேப்டாப்பு?" என்று கேட்டார் குரு.

"ஒரு கார்ட்டூன் படம் பண்ணப் போறேன் சாமி. நண்டு ஒண்ணு. கடற்கரையில அது குடியிருக்கிற வளையத் தேடிப் போகுது. வசனமே கிடையாது."

"நல்லாருக்கே."

"தூத்துக்குடியில உப்புக் கம்பெனி ஆபீஸ்ல இருந்தேன். அத விட்டுட்டு வந்துட்டேன். மேனேஜர் நல்ல மனுஷன், ஆடி முடியிற வரைக்கும் என் நாற்காலியில வேற ஆள உட்கார வைக்க மாட்டேன்னு சொல்லிருக்கார்."

"வீட்டுல?"

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"'ஆடி முடியிறதுக்குள்ள நண்டு நடந்தாச் சரி. இல்லன்னா நீங்க நடங்க, ஆபீசுக்கு' அப்படின்னுட்டா சண்முகக்கனி."

"ஆடி பிறந்தாச்சே."

"பிறந்தாச்சு."

"நண்டு?"

"கரையிலயே நிக்குது சாமி."

"ஏன்?"

"எந்த லேப்டாப்புன்னு முடிவாகலயே."

குரு இன்னொரு கொய்யாவை எடுத்துத் துண்டில் துடைத்தார்.

"ஏழுன்னா என்ன லாபம்?"

"படம் முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய எடுக்கணும்ல, அந்த நேரம் பாதியாயிரும்."

"எந்தப் படத்த?"

ஆவுடையப்பன் மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்தார். மூடினார்.

"சரி, அஞ்சுன்னா?"

"ஒரு மாச வீட்டு வாடகை மிச்சம்."

"அப்ப அஞ்சு."

"ஆனா பின்னால வருத்தப்படுவேன்."

"அப்ப ஏழு."

"இப்பவே வருத்தமா இருக்கே சாமி."

உள்ளே சமையல்கட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மடத்தின் மூத்த சீடர் அருளம்பலம் உளுந்தைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார்.

"யார் யாரக் கேட்டீங்க அண்ணாச்சி?"

"கடைக்காரரக் கேட்டேன்."

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் பிசைந்தார். வாயிலிருந்து வேறு ஒரு ஆள் வந்தார்.

"சார், அஞ்சும் நல்ல பொருள்தான் சார். நான் குறையே சொல்ல மாட்டேன் சார். ஆனா உங்களப் பாத்தா ஏழு ஆளா தெரியுது சார். இன்னும் கொஞ்சம் மேல போட்டா ஒம்பது இருக்கு சார். வாங்க வேண்டாம் சார், சும்மா தொட்டுப் பாருங்க சார்."

ஆவுடையப்பன் வாயைப் பிளந்தார்.

"அப்புறம்?"

"என் மச்சினன். பெங்களூர்ல இருக்கான்."

குரு காதில் கையை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்.

"அத்தான், அஞ்செல்லாம் இப்ப யாரு அத்தான் வாங்குதா? எங்க ஆபீஸ் வாட்ச்மேன் வச்சிருக்காரு. ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது… ஆங், அத்தான், ஏழும் வாங்காதீங்க. அடுத்த வருஷம் புதுசு வருது. வெயிட் பண்ணுங்க. அக்காவக் கேட்டதா சொல்லுங்க."

"அவனேதான்!"

"அப்புறம்?"

"வீடியோவுல ஒருத்தர் சொல்லுவாரு…"

குரு துள்ளி எழுந்தார்.

"வணக்கம் மக்களே! அஞ்சா ஏழா, இன்னைக்கு ஒரேயடியா முடிவு கட்டிருவோம்! அதுக்கு முன்னாடி அந்த மணிய ஒரு தட்டு தட்டிருங்க!"

சமையல்கட்டிலிருந்து ஓடிவந்த அருளம்பலம் மடத்து மணியை ஒரு தட்டு தட்டிவிட்டு, மறுபடி உள்ளே போனார்.

"…ஆக மக்களே, முடிவு என்னன்னா, அது உங்க தேவையப் பொறுத்தது!"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது.

"இவங்களயெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் சாமி?"

"தெரியாது. ஏறி வர்றவங்க தூக்கிட்டு வர்றாங்க."

ஆவுடையப்பன் யோசித்தார்.

"அப்படியே என் குரல்லயும் பேசிருங்க சாமி. நான் என்னதான் நினைக்கேன்னு தெரிஞ்சுக்கிடுறேன்."

குரு வாயைத் திறந்தார். மூடினார்.

"வரல அண்ணாச்சி."

"ஏன் சாமி?"

"உங்க குரல நான் இன்னும் கேக்கலயே."

காற்றில் கொய்யா இலைகள் அசைந்தன. உள்ளே கிரைண்டர் சுற்றியது.

"பழசு ஒண்ணு இருக்குமே" என்றார் குரு.

"பையிலதான் இருக்கு. ஆனா ஆகாது சாமி. திறந்தாலே இரைக்கும்."

"திறங்க."

திறந்தார். லேப்டாப்பின் காற்றாடி, செங்குத்தில் ஏறும் பஸ்ஸைப் போல உறுமியது.

குருவும் அதே சுருதியில் உறுமினார்.

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, இரண்டில் எதைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் இறங்கிப் போய்விட்டது.

"நண்டக் காட்டுங்க."

ஆவுடையப்பன் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. குருவின் ஆள்காட்டி விரலும் கூடவே சுற்றியது.

"இதுக்குத்தான் சாமி புதுசு வேணும்ங்கேன்."

"மேல என்ன அது, பல்லு வரிசை மாதிரி?"

"பிரவுசர் டேப்பு சாமி. ஒவ்வொண்ணும் ஒரு பக்கம். அஞ்சையும் ஏழையும் ஒப்பிட்டுப் பாக்குறது."

"அத்தனையுமா?"

"ஒண்ணு பிரியாணிக் கடை. மத்ததெல்லாம் அதுதான்."

அந்த மலையில் இருந்த ஒரே கோபுரம் செல்போன் கோபுரம். சிக்னலுக்குக் குறைச்சலே இல்லை. எல்லா டேப்பும் முழு விழிப்போடு இருந்தன. ஒன்றில் விளம்பரம் ஓடியது. ஒன்றில் விலை மாறிக்கொண்டிருந்தது. ஒன்றில் யாரோ லேப்டாப்பின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மூடுறதே இல்லையா?"

"மூடினா, அதுலதான் பதில் இருந்திருக்கும்னு தோணும் சாமி."

குரு தலையாட்டினார். கொய்யாவைக் கடித்தார்.

திரையின் மூலையில் பேட்டரி சிவப்பானது.

"ஐயோ, சார்ஜ் போகுதே. ப்ளக் எங்க இருக்கு சாமி?"

"மடத்துல ஒரே ஒரு ப்ளக்குதான் அண்ணாச்சி. கிரைண்டர் மாட்டியிருக்கு."

ஆவுடையப்பன் சமையல்கட்டுப் பக்கம் கழுத்தை நீட்டினார்.

"ஐயா, கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

"பாதி உளுந்து!" என்றார் உள்ளிருந்து அருளம்பலம். "இப்ப நிறுத்தினா நாளைக்கு நீங்க இட்லி திங்க மாட்டீங்க. இட்லிதான் உங்களத் திங்கும்."

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார்.

"என் கையில ஒண்ணும் இல்ல. இங்க அதிகாரமெல்லாம் கிரைண்டருக்குத்தான்" என்றார் குரு.

காற்றாடி உறுமியது. வட்டம் சுற்றியது. அணைவதற்குள் நண்டைக் குருவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஆவுடையப்பனுக்கு ஏனோ தவிப்பாக இருந்தது. இதுவரை யாருக்கும் அதைக் காட்டியதில்லை. லேப்டாப்பைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள்.

அவர் முதல் டேப்பின் பெருக்கல் குறிமேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தார்.

"சார், போறீங்களா சார்?" என்றது கடைக்காரர் குரல். "நாளைக்கு விலை ஏறிரும் சார். அப்புறம் என்னச் சொல்லக்கூடாது சார்."

கை நின்றது.

பிறகு அழுத்தியது.

"அத்தான்! வெயிட் பண்ணச் சொன்னேன்ல!"

அழுத்தினார்.

"மக்களே, கடைசி வரைக்கும் பாக்காமப் போனா எப்படி மக்களே? கடைசியிலதான் விஷயமே இருக்கு மக்களே…"

அழுத்தினார். அழுத்தினார். குரு விதவிதமாகக் கெஞ்சினார், மிரட்டினார், இருமினார், தள்ளுபடி கொடுத்தார். விரல் நிற்கவில்லை. பிரியாணிக் கடை வந்தபோது மட்டும் குரு ஒன்றும் பேசவில்லை. அதையும் மூடியபோது லேசாகப் பெருமூச்சு விட்டார்.

காற்றாடியின் உறுமல் தாழ்ந்தது. முனகலானது. நின்றது.

காற்றாடி ஓடாதபோது எவ்வளவு அமைதி இருக்கும் என்று ஆவுடையப்பன் மறந்தே போயிருந்தார். உள்ளே ஓடிய கிரைண்டரையும் தாண்டி, கொய்யா மரத்தில் ஒரு அணில் எதையோ கொறிப்பது கேட்டது.

வட்டம் மறைந்து, நண்டு வந்தது.

ஈர மணல். அதன்மேல் சிவப்பாக ஒரு நண்டு. கண் இரண்டும் குச்சி முனையில் நின்றன. ஒன்று கடலைப் பார்த்தது. ஒன்று நேராகக் குருவைப் பார்த்தது.

குரு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா நிக்குது" என்றார்.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது.

"நிக்க மட்டும் செய்யாது சாமி. நடக்கும்."

"பக்கவாட்டுலதான?"

"பக்கவாட்டுன்னா? எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுப் போயிருதாங்க. எப்படிப் பக்கவாட்டு? அதுலதான இருக்கு!"

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மடத்துத் தரையில் கையையும் காலையும் ஊன்றி நண்டானார்.

"இங்க பாருங்க. இந்தப் பக்கத்துக் கால் முதல்ல நீண்டு மணலப் பிடிக்கும். பிடிச்சு இழுக்கும். அந்தப் பக்கத்துக் கால் தள்ளும். எல்லாக் காலும் ஒண்ணா வரக்கூடாது. வந்தா அது நண்டு இல்ல சாமி, கட்டில்! அலைச் சத்தம் கேட்டா ஒரு கால் தூக்கினபடியே நிக்கும். அந்த நிப்பு இருக்கே, அதுதான் சாமி என் படமே. வளை ஞாபகம் வந்துருச்சு, வழி ஞாபகம் வரலன்னு நிக்கும்…"

குரு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கொய்யாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"இத இங்க காட்ட முடியுமா?" என்று திரையைத் தொட்டார்.

"ஏன் முடியாது? ஒரு காலுக்கு நாலஞ்சு கோடு."

"பேட்டரியில சிவப்பு இன்னும் இருக்கு அண்ணாச்சி."

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். வரைந்தார். அழித்தார். வரைந்தார். ஓடவிட்டார்.

நண்டு ஒரு காலைத் தூக்கியது. நீட்டியது. தயங்கியது.

மணலில் ஊன்றியது.

"ஏ! நடக்கு! நடக்கு, பாத்தீங்களா!"

குரல் உடைந்து, பாதி கீச்சாகி, மலை முழுக்கக் கேட்டது.

"ஏ! நடக்கு! நடக்கு, பாத்தீங்களா!"

இரண்டாவது தடவை சொன்னது அவர் இல்லை.

கிரைண்டர் நின்றது. அருளம்பலம் மாவுக் கையோடு வெளியே வந்து, நேராகக் குருவிடம் போனார்.

"கூப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பது குரு என்று பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். சார்ஜர் வயரை இழுத்துக்கொண்டு உள்ளே போய், கிரைண்டரைக் கழற்றிவிட்டு மாட்டினார்.

ஆவுடையப்பன் எதையும் பார்க்கவில்லை. மூக்கு திரையைத் தொடுகிற தூரத்தில் இருந்தது.

குரு மெல்ல அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆவுடையப்பனின் குரலிலேயே, மலையேறி வந்த மூச்சிரைப்பு உட்பட, கேட்டார்.

"சாமி, அஞ்சா ஏழா?"

"கொஞ்சம் சும்மா இருங்க சாமி" என்றார் ஆவுடையப்பன். "அந்தப் பக்கத்துக் கால் தள்ளணும்."