தாளில்லாத பேச்சு

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனம். பேச்சை எழுத்தாக்கும் கருவியை, பேச்சில் வரும் தயக்கங்களைக் கண்டுபிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள் தட்டச்சு செய்யும் பவளக்கொடி.

"படிச்சவன் தயங்கமாட்டான். இது வீண் வேலை," என்றார் இயக்குநர் ஞானவரதன். "என் பேச்சில ஒரு தயக்கம் காட்டு. இல்லாட்டி நாளையிலிருந்து வராதே."

ஊழியர்கள் கூடினார்கள். அவர் ஒரு தாளைப் பிரித்துப் பத்து நிமிடம் முழங்கினார். கருவியின் திரையில் தயக்கத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட விழவில்லை.

"பாத்தியா?" என்று மீசையை முறுக்கினார்.

பவளக்கொடி அசரவில்லை. "இது வாசிப்பு சார், பேச்சு இல்லை. தாளைக் கீழ வச்சுட்டுச் சொல்லுங்க, இந்த உரையை எழுதினது யாரு?"

"அது வந்து... ம்ம்... நான்... நான்தான்..."

திரையில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகப் பூத்தன. உரையை எழுதிக்கொடுத்த அவருடைய உதவியாளரே முதலில் சிரித்துவிட்டார்.

மறுநாள் பவளக்கொடி வேலைக்கு வந்தாள். இயக்குநர்தான் வரவில்லை.